எழும்பாமல் சாப்பிட்ட பதின்மூன்று பேர்

1

யாழ்ப்பாணத்தில் கோட்டை என்றால் அதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறோமோ அவ்வளவு நல்லது. கோட்டைப் பக்கம் ஒரு சத்தம் கேட்டால் சைக்கிளைத் திருப்பி எதிர்ப்பக்கம் மிதித்த ஆட்கள் நாங்கள். ரொறன்ரோவில் என்னவென்றால், கோட்டைக்குள் போவதற்கு வரிசையில் நின்று ரிக்கற் எடுக்கிறார்கள். பங்குனி மாதத்து ஒரு சனிக்கிழமை நானும் எடுத்தேன். அதுவும் மாறுவேடத்தில்.

ஏன் மாறுவேடம் என்று சொல்லவேண்டும்.

எங்கள் மகள் மெலனிக்குப் பதினேழு வயது. இங்கே பள்ளிக்கூடமே பிள்ளைகளை ஓர் இடத்துக்கு வேலை பழக அனுப்புகிறது. மற்றப் பிள்ளைகள் வங்கிக்கும் மருந்துக்கடைக்கும் போக, எங்களுடையது கோட்டைக்குப் போனது. நகரத்துக்கு நடுவில் ஒரு மேட்டின் மேல் நிற்கிற கோட்டை. ராசா ஒருவரும் அதில் இருந்ததில்லை. ஒரு பணக்காரர் ஐரோப்பாவில் கோட்டைகளைப் பார்த்து ஆசைப்பட்டு, அதுபோலவே ஒன்றைக் கட்டி, கொஞ்சக் காலம் இருந்துவிட்டுக் கட்டுப்படியாகாமல் விட்டுப் போனாராம். ஆக, பார்த்துச் செய்த கொப்பிக் கோட்டை. அதற்குள் இந்தத் தவக்காலத்துக்கு ஒரு கொப்பிப் படமும் வந்திருந்தது. இத்தாலியில் ஒரு மடத்தின் சாப்பாட்டு அறைச் சுவரில் ஐந்நூறு வருடத்துக்கு முன் வரைந்த, இயேசுநாதரும் பன்னிரண்டு சீடர்களும் கடைசியாக இருந்து சாப்பிட்ட, உலகமெல்லாம் தெரிந்த அந்தப் படம். அதே நீளத்தில், அதே உயரத்தில், உதிர்ந்த இடங்கள் உட்பட யாரோ பொறுமைசாலிகள் துணியில் தீட்டியிருந்தார்கள்.

மூன்று மாதமாக மற்ற வழிகாட்டிகளுக்குப் பின்னால் நடந்து பழகிய மெலனிக்கு அந்தச் சனிக்கிழமைதான் பரீட்சை. தனியாக ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டுபோய்க் கோட்டையையும் படத்தையும் காட்டவேண்டும். மேற்பார்வை அம்மா பின்னால் வந்து புள்ளி போடுவார். தேறினால் கோடை முழுவதும் அங்கே வேலை. ஒரு கிழமையாகக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகினாள். வெளியே நான் துவாயோடு நின்று முழுக்கோட்டையையும் மனப்பாடம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் எங்கள் இருவரையும் இருத்திவைத்துச் சொன்னாள்.

"நாளைக்கு நீங்கள் ரெண்டு பேரும் வரவேண்டாம்."

"ஏன் பிள்ளை?"

"யூ வில் டோக், அப்பா."

"நான் வாயே திறக்கமாட்டன்."

"சீ? இப்பவே திறந்திட்டீங்கள். ப்ளீஸ் அப்பா. ஐ நீட் திஸ்."

அந்தக் கடைசி வசனத்தை அவள் பகிடியாகச் சொல்லவில்லை. நானும் தலையாட்டினேன். ஆனால் அவள் அறைக்குள் போனதும் ஜெசிந்தா என் பக்கம் திரும்பினாள்.

என் மனைவி ஜெசிந்தா மன்னார்க் கத்தோலிக்கப் பெண். நான் சைவம். எங்கள் கலியாணத்துக்கு இரண்டு பக்கத்தாரும் வரவில்லை, ஆகையால் சாப்பாடு மிஞ்சியது. அவள் பிறந்த வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு மேலே, அந்தப் பதின்மூன்று பேரும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தார்கள்.

"படம் ஞாயிற்றுக்கிழமையோடை போகுது" என்றாள். "ஞாயிறு எனக்கு வேலை."

"பிள்ளை வரவேண்டாம் எண்டெல்லே சொல்லுறாள்."

"பிள்ளையைப் பாக்கப் போகேல்லை. படத்தைப் பாக்கப் போறம். பிள்ளை தற்செயலா அங்கை நிண்டா நான் என்ன செய்யிறது?"

இப்படித்தான் மாறுவேடம்.

2

அதற்கு முதல் என் ஜக்கெற்றைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒன்பது வருடத்துக்கு முன், ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில், வந்திறங்கிய எங்களுக்குக் குளிர்ச்சட்டை கொடுத்தார்கள். எனக்கு வாய்த்தது செம்மஞ்சள் நிறம். அதை முதலில் போட்டவர் என்னைப்போல் ஒன்றரை மடங்கு இருந்திருக்கவேண்டும். தெருவேலை நடக்கிற இடத்தில் வைக்கும் கூம்பு என்று மெலனி அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். நாங்கள் இருக்கிற வெக்ஸ்போர்ட்டில் பஸ்காரர்கள் அந்த நிறத்தைக் கண்டுதான் எனக்காக நிறுத்துகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அந்த ஜக்கெற்றின் உள்துணிக்குள் ஜெசிந்தா ஒரு பை தைத்திருக்கிறாள். வெளியே தெரியாது. கையை வைத்து அழுத்தினால் மட்டும் சரசரக்கும். நாலு விமான நிலையம் தாண்டி வந்த எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடதாசியை உடம்போடு வைத்துத் தைத்துவிட்டால் உடம்பு போகிற இடத்துக்குக் கடதாசியும் வரும்.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் தையலா என்று கேட்பீர்கள். நடுவில் சில வருடம் பை காலியாகத்தான் இருந்தது. மாசி மாதம் குடியுரிமைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. பங்குனிக் கடைசி வியாழக்கிழமை சத்தியப்பிரமாணத்துக்கு வரவேண்டும். வதிவிடம் தந்தபோது கொடுத்த பத்திரத்தைக் கொண்டுவரவேண்டும். மூலப்பத்திரம், பிரதி செல்லாது. அந்த 'பிரதி செல்லாது' என்ற வரியை வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரையும் செல்லாமல் போனது. எங்கள் கட்டடத்தில் யாராவது மிளகாய் வறுத்தால் நெருப்பு மணி அடிக்கும். கிழமைக்கு இரண்டு தரம் யாராவது மிளகாய் வறுப்பார்கள். ஊரில் பதினொரு வருடம் தபால் கந்தோரில் இருந்தவன் நான். கடதாசி எப்படித் தொலையும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். பல கடதாசிகளை நானே தொலைத்திருக்கிறேன்.

ஆகவே பத்திரம் மறுபடியும் உள்பைக்குள் போனது. ஜெசிந்தா ஊசியைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"உங்களையும் சேத்துத் தைச்சு விடட்டோ?"

3

கறுப்புக் கண்ணாடி. புருவம் வரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. கழுத்தைச் சுற்றி ஜெசிந்தாவின் சால்வை. சப்வேயில் ஒரு குழந்தை என்னைப் பார்த்து அழுதது. வேடம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் மண்டபத்தின் அந்தத் தலைப்பில் மெலனி நின்றாள். கடும் சிவப்புக் கோட்டு, நெஞ்சில் பெயர்த் தகடு, பின்னிக் கட்டிய தலைமயிர். பக்கத்தில் குறிப்புப் பலகையோடு உயரமான ஒரு வெள்ளைக்கார அம்மா. அப்போதுதான் எனக்கு உறைத்தது: முகத்தை மூடி என்ன, செம்மஞ்சள் ஜக்கெற் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டல்லவா வருகிறது! மளமளவென்று அதைக் கழற்றி, உடுப்பு வாங்கி வைக்கிற மேசையில் திணித்தேன். மேசைக்குப் பின்னால் வெள்ளை மீசைக் கிழவர் ஒருவர் இருந்தார். ஜக்கெற்றை வாங்கினார், உள்துணியில் கையை வைத்தார், என்னை ஒருமுறை பார்த்தார், நாற்பத்தொன்று என்று அடித்த பித்தளைத் தகட்டைத் தந்தார்.

குழுவில் பதினைந்து பேர். ஓரத்தில் ஒதுங்கினோம். மெலனியின் பார்வை எல்லாரையும் எண்ணிக்கொண்டு வந்து என் கண்ணாடியில் ஒரு கணம் நின்று, கதிரை மேசையைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போனது. எத்தனையோ சோதனைச் சாவடியில் எத்தனையோ பேர் என்னை உற்றுப் பார்த்திருக்கிறார்கள். இப்படிப் பார்க்காமல் விட்டது ஒருவரும் இல்லை.

"கண்டிட்டாள்" என்றாள் ஜெசிந்தா.

"இல்லை. நான் ஆரெண்டு உனக்கே மட்டுக்கட்டேலாது."

"அவளின்ரை காது சிவந்து போச்சு. கண்டிட்டாள்."

ஆனால் குரல் நடுங்கவில்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னால் கேட்ட அதே வசனங்கள், அதே ஒழுங்கில். வாசிகசாலைத் தரையின் மரவேலை, பதினாயிரம் புத்தகம் வைக்கலாம், இப்படி வாருங்கள். ஒரு பிழையும் இல்லை. உண்மையைச் சொன்னால் ஒரு ருசியும் இல்லை. மேற்பார்வை அம்மா பலகையில் ஏதோ குறித்துக்கொண்டே வந்தார். எழுதுகோல் அசைகிற ஒவ்வொரு தரமும் நான் ஜெசிந்தாவின் முழங்கையைப் பிடித்தேன்.

4

கோட்டைக்காரரின் எழுதும் அறைக்குப் போனோம். மெலனி கணப்படுப்புக்குப் பக்கத்திலிருந்த மரப் பலகையில் கையை வைத்து அழுத்தினாள். பலகை கதவாகித் திறந்தது. உள்ளே ஒடுங்கிய படிக்கட்டு. எல்லாரும் ஆவென்றார்கள்.

"தன்னுடைய முக்கியமான பத்திரங்களை அவர் இந்த அறையில்தான் பாதுகாப்பாக வைத்திருந்தார்" என்றாள் ஆங்கிலத்தில்.

பத்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் என் கை தானாக நெஞ்சுக்குப் போனது. அங்கே கம்பளிச் சட்டைதான் இருந்தது. சரசரக்கவில்லை.

அடுத்த நிமிடத்தை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை. மூலப்பத்திரம் முன்பின் தெரியாத ஒரு கிழவரிடம். வியாழக்கிழமைக்கு ஐந்து நாள். கிழவர் கோட்டுகளைக் கலைத்து அடுக்குவார், யாரோ ஒருவர் மாறி எடுத்துப் போவார், கந்தோரில் கையை விரித்துக்கொண்டு நிற்பேன், திருப்பி அனுப்புவார்கள், எங்கே அனுப்புவார்கள், பார்க்டேலுக்கா, பலாலி விமான நிலையத்துக்கா? செம்மஞ்சள் ஜக்கெற்றை மாறி எடுக்க அந்த மாகாணத்திலேயே இன்னொரு ஆள் இல்லை என்று அப்போது தோன்றவில்லை.

குழு அடுத்த அறைக்கு நகர்ந்தது. "வாறன்" என்று ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டு, கீழே போக மிகக் கிட்டிய வழி எதுவோ அதில் இறங்கினேன். அதாவது, ரகசியப் படிக்கட்டில். கறுப்புக் கண்ணாடியோடு இருட்டுக்குள் இறங்குகிறவனுக்கு மூளை வேலை செய்கிறது என்று நீங்கள் நினைக்கக்கூடாது. கீழே ஒரு இரும்புக் கதவு. தள்ளினேன். தள்ளிய பிறகுதான் கண்ணாடியைக் கழற்றி அதிலிருந்த சிவப்பு எழுத்தை வாசித்தேன். திறக்கவேண்டாம், மணி அடிக்கும் என்று எழுதியிருந்தது. பொய் எழுதவில்லை.

கோட்டை முழுவதும் ஓலமிட்டது. பழைய பழக்கம், நான் சுவரோடு குந்திக் காதைப் பொத்திக்கொண்டேன். நரைக்கத் தொடங்கிய ஒரு மனிதன், கம்பளித் தொப்பியோடு, பணக்காரர் ஒருவரின் வைன் நிலவறை வாசலில். அந்த நிலையில்தான் காவல்காரர் இருவர் என்னைக் கண்டெடுத்து, மேலே கொண்டுவந்து, குழுவுக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

மணி நின்றது. மேற்பார்வை அம்மா பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்தக் கனவானை இங்கே யாருக்காவது தெரியுமா?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். எனக்கென்று ஒரு திட்டம் இருந்தது: ஆங்கிலம் தெரியாத சுற்றுலாப் பயணியாக நடித்து வெளியே போய்விடுவது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கும். பிள்ளையின் பரீட்சைக்குப் பழுது வராது. நான் யாரென்று யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

"அது என்ரை அப்பா" என்றாள் மெலனி. தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள். "பக்கத்தில் நிற்கிறது அம்மா. நான் வரவேண்டாம் என்று சொன்னேன். அதனால் வந்திருக்கிறார்கள்."

யாரோ சிரித்தார்கள். மேற்பார்வை அம்மா சிரிக்கவில்லை. பலகையில் எழுதினார். நீளமாக எழுதினார்.

மெலனி என்னிடம் வந்து தொப்பியை உருவினாள். "உதைக் கழட்டுங்கோ அப்பா. ஏன் ஓடினீங்கள்?"

"பேப்பர். ஜக்கெற்றுக்கை."

அவளுக்கு ஒரு சொல்லும் கூடத் தேவைப்படவில்லை. கண்ணை மூடித் திறந்தாள். "சுற்று முடிய எடுப்பம். என்னோடை வாங்கோ."

5

படம் நீள மண்டபத்தில் இருந்தது. ஒரு சுவர் முழுவதும் படம்தான். எங்களைக் காட்டிலும் பெரிய மனிதர்கள், வெள்ளைத் துணி விரித்த மேசை. அறைக்குள் வந்த எல்லாரும் தாங்களாகவே குரலைத் தாழ்த்தினார்கள். ஜெசிந்தா முன்னுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மெலனி மனப்பாடத்தைத் தொடங்கினாள். ஓவியர் ஈரச் சுவரில் தீட்டாமல் காய்ந்த சுவரில் தீட்டியதால் அவர் உயிரோடிருந்தபோதே உதிரத் தொடங்கியது. பின்னொரு காலத்தில் மடத்தார் அந்தச் சுவரில் கதவு வெட்டியபோது இயேசுநாதரின் கால்கள் போய்விட்டன.

"எங்கட படத்திலை கால் இருந்தது" என்றாள் ஜெசிந்தா, படத்தைப் பார்த்தபடியே. உரத்துத்தான் சொன்னாள்.

நான் செத்தேன் என்று நினைத்தேன். வாய் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். இவளிடம் யாரும் வாக்கு வாங்கவில்லை.

மெலனி நிறுத்தினாள். மனப்பாடம் அறுந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. மேற்பார்வை அம்மாவைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். பிறகு குழுவிடம் சொன்னாள்: "எங்கள் வீட்டுப் படத்தில் கால்கள் இருந்தன என்று அம்மா சொல்கிறா."

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு அவள் பேசியது எந்தக் குளியலறையிலும் நான் கேட்டதல்ல.

உலகப்போரில் அந்த மடத்தின் மேல் குண்டு விழுந்தது என்றாள். முன்கூட்டியே படத்துக்கு முன்னால் மண்மூட்டை அடுக்கியிருந்தார்கள். கூரை போனது, பக்கத்துச் சுவர் போனது. படம் இருந்த சுவர் நின்றது.

"என் அம்மா பிறந்த ஊர் இலங்கையில் மன்னார். அங்கேயும் சாப்பாட்டு மேசைக்கு மேலே இதே படம். சின்னது, கடையில் வாங்கியது. அங்கேயும் மண்மூட்டை இருந்தது. ஆனால் அது படத்துக்கு இல்லை, ஆட்களுக்கு. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஷெல் வந்தது. அப்பா இதைச் சொல்லும்போது இப்படித்தான் சொல்லுவார்: வீட்டிலிருந்த ஒன்பது பேரும் பங்கருக்குள் ஓடிவிட்டார்கள். சாப்பாட்டறையில் பதின்மூன்று பேர் மட்டும் எழும்பாமல் தொடர்ந்து சாப்பிட்டார்கள்."

குழு வெடித்துச் சிரித்தது. சிரித்து முடியும்வரை அவள் பொறுத்தாள். எந்த இடத்தில் பொறுக்கவேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஒவ்வொரு நத்தாருக்கும், இயேசு பிறந்தநாள் விருந்தில், நான் இந்தக் கதையைச் சொல்ல, 'நொட் அகெய்ன்' என்று தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போகிற பிள்ளை.

"வெளியே வந்து பார்த்தபோது கூரை இல்லை" என்றாள் மெல்ல. "சாப்பாட்டுக் கோப்பைகளில் சோற்றுக்கு மேல் ஓட்டுத் தூள். படம் சரிந்து தொங்கியது. அம்மாவின் அப்பா வேறு எதையும் தொடாமல் முதலில் அதை நேராக்கினார். அம்மா அந்த வீட்டைக் கடைசியாகப் பார்த்தபோது படம் நேராகத்தான் இருந்தது. இப்போது இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது."

நான் திரும்பிப் பார்த்தேன். மேற்பார்வை அம்மாவின் பலகை ஒரு கதிரையில் கிடந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா கயிற்றை விட்டுவிட்டு மகளிடம் வந்து, சிவப்புக் கோட்டின் கழுத்துப்பட்டையை நேராக்கினாள். சரியாகத்தான் இருந்தது அது.

6

சுற்று முடிந்ததும் மேற்பார்வை அம்மா மெலனியைக் கூப்பிட்டார். நாங்கள் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றோம். ஒளிந்து பிரயோசனமில்லை, ஆனால் பழகிவிட்டது.

"நீ சொன்ன கதை நான் தந்த பாடத்தில் இல்லை."

"தெரியும். மன்னிக்கவேண்டும்."

"இனி இருக்கட்டும்." பிறகு தூணைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "அந்தக் கீழ்க் கதவை வருடக்கணக்காக ஒருவரும் திறக்கவில்லை. மணி வேலை செய்கிறதா என்று எங்களுக்கே சந்தேகம் இருந்தது. உங்களுக்கு நன்றி."

உடுப்பு மேசைக்கு ஓடினேன். வரிசையாகக் கோட்டுகள். செம்மஞ்சள் இல்லை. பித்தளைத் தகட்டை நீட்டினேன். வெள்ளை மீசைக் கிழவர் எழும்பினார். அவர் இருந்த கதிரையில், அவருடைய முதுகுக்கும் சாய்மானத்துக்கும் இடையில், என் ஜக்கெற்.

"உள்ளே கடதாசி இருக்கிறது" என்றார். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைப்போலவே வேறெங்கோ புறப்பட்டு வந்தது. "கை வைத்ததும் தெரிந்தது. அதனால் மற்றக் கோட்டுகளோடு கொளுவவில்லை. மணி அடித்தபோதும் எழும்பவில்லை."

தன் பழைய கோட்டின் உள்பக்கத்தை விரித்துக் காட்டினார். அங்கே ஒரு பை தைத்த அடையாளம், நூல் மட்டும் மிச்சம். "ஐம்பத்தாறாம் ஆண்டு. ஹங்கேரியை விட்டு ஓடிவந்த நேரம். என் அம்மா தைத்தது."

7

வியாழக்கிழமை சத்தியப்பிரமாணம் நடந்தது. மேசையில் இருந்த பெண் என் பத்திரத்தை ஒரு நொடி பார்த்து, முத்திரை குத்தி, மற்றக் கடதாசிகளோடு போட்டுவிட்டாள். ஒன்பது வருடம் காத்த கடதாசி. அவள் இரண்டாம் முறை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெசிந்தா பிரித்த உள்துணி தொங்கிக்கொண்டிருக்க, கையை உயர்த்திச் சொல்லவேண்டியதைச் சொன்னேன். பிரெஞ்சுப் பகுதியில் வாயை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் நின்றவரும் அதைத்தான் செய்தார்.

வீட்டுக்கு வந்தபோது மேசையில் இரண்டு இலவச ரிக்கற் இருந்தன. சனிக்கிழமை பதினொரு மணி.

"எனக்குக் கூட்டிக்கொண்டு காட்ட ரெண்டு ரூர் தந்திருக்கினம்" என்றாள் மெலனி. "முதலாவதுக்கு வாங்கோ. முகத்தைத் திறந்துகொண்டு வாங்கோ."

சனிக்கிழமை முகத்தைத் திறந்துகொண்டே போனோம். கோட்டை வாசலில் ரிக்கற் கேட்டார்கள். காற்சட்டைப் பையில் இல்லை. மேற்பையில் இல்லை. பணப்பையைக் கவிழ்த்தேன். பின்னால் வரிசை நீண்டது.

"பத்திரமா எங்கை வைச்சனீங்கள்?" என்றாள் ஜெசிந்தா.

"பத்திரமா எண்டா உள்பைக்கைதான்."

அவள் முகம் மாறியது. "தொங்கிக்கொண்டு கிடந்துதெண்டு நேற்று நான் அதைத் தைச்சுப்போட்டன்."

மண்டபத்துக்குள் சிவப்புக் கோட்டோடு மெலனி நின்றாள். அவளுக்கு முன்னால் இருபது பேர். என்னைப் பார்த்தாள், நான் ஜக்கெற்றை மறுபக்கம் புரட்டி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். குழுவுக்குத் திரும்பி ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னது வாசல்வரை கேட்டது.

"இரண்டு நிமிடம் பொறுப்போம். என் அப்பா கோட்டைத் திறந்துகொண்டிருக்கிறார்."

வெள்ளை மீசைக் கிழவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.